நோட்ஸில் இல்லாத விரல்

போன வருஷம் நான் ஒரு நோட்ஸ் தயாரித்தேன். முப்பத்தெட்டுப் பக்கம். மாதவரத்தில் எங்கள் தெருவில் ஒரு மொட்டைமாடியில் சாயங்காலம் நடக்கும் இலவச டியூஷனுக்கு வரும் இரண்டு பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக. பள்ளிகளுக்கு இடையே உடற்கூறியல், உடலியங்கியல் வினாடி வினா ஒன்று அறிவித்திருந்தார்கள். நாலு வாரம்தான் டைம். இரண்டும் தமிழ் மீடியம். போட்டி ஆங்கிலத்தில்.

நான் என்ன செய்தேன் என்றால், நல்ல மனசோடு செய்கிற எல்லாரும் செய்வதையே செய்தேன். இணையத்தில் கிடைத்த பிடிஎஃப்களை எல்லாம் இறக்கி, வெட்டி, ஒட்டி, ஒவ்வொரு மண்டலத்துக்கும் மூன்று பக்கம் என்று சுருக்கினேன். கட்டம் போட்டேன். கலர் அடித்தேன். முக்கியமானதை மஞ்சளிலும், கட்டாயம் கேட்பார்கள் என்று எனக்குத் தோன்றியதைச் சிவப்பிலும் வைத்தேன். மணிக்கட்டு எலும்பு எட்டுக்கும் ஆங்கிலத்தில் பிரசித்தமான ஒரு ஞாபக வாக்கியம் உண்டு. காதலர்களைப் பற்றியது. பதினாறு வயசுப் பிள்ளையிடம் முழுசாக விளக்கவும் முடியாது, விளக்காமல் விட்டால் அது ஞாபகத்திலும் நிற்காது. அதையும் வைத்தேன்.

நோட்ஸ் ஹிட். டியூஷன் வாட்ஸ்அப் குரூப்பில் ஆரம்பித்து வேறு நாலு பள்ளிக் குரூப்புகளுக்குப் போனது. யாரோ ஒரு டெலிகிராம் சேனலில் 'ஒன் ஷாட் அனாடமி' என்று தலைப்பு மாற்றிப் போட்டிருந்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

அந்த நோட்ஸுக்கு எதிராகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

*

போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது இரண்டு பேரில் ஒருத்தி கேட்டாள்: "அண்ணா, எங்க நைனாக்கு வெட்டுப்பட்டது நடுவிரல்தான். அப்புறம் ஏன் மோதிர விரலும் சுண்டு விரலும் முழுசா மடங்க மாட்டேங்குது? அதுங்களுக்கு ஒண்ணுமே ஆகலையே."

அவள் அப்பா மணலி பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் பவர் பிரஸ் ஓட்டியவர். இரண்டு வருஷம் முன்னால் நடுவிரலின் நுனி போய்விட்டது. ஏதோ ஒரு கிளினிக்கில் தைத்து அனுப்பினார்கள். காயம் ஆறிவிட்டது. ஆனால் கை முழுசாக மூடவில்லை. ஸ்பேனர் பிடித்தால் நழுவுகிறது. மேஸ்திரி, "ஒரு விரல் நுனி போனதுக்கு மொத்தக் கையும் போன மாரி நடிக்கிறான்" என்று சொல்லி, பெருக்குகிற வேலைக்கு மாற்றிவிட்டார். சம்பளமும் குறைந்தது. வீட்டிலும் பாதிப் பேர் அதை நம்பினார்கள். அவரே கொஞ்சம் நம்ப ஆரம்பித்திருந்தார், தனக்குத்தான் மனசில் ஏதோ பயம் போல என்று.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அது சிலபஸ்ல இல்லம்மா. போட்டி முடியட்டும், பாக்கலாம்."

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. ஒரு கை அறுவை சிகிச்சைப் புத்தகத்தைத் தேடி எடுத்துப் படித்தேன். விஷயம் இதுதான். விரலை மடக்கும் தசை விரலில் இல்லை. முழங்கைக்குக் கீழே முன்கையில் இருக்கிறது. இடது முன்கையை வலது கையால் பிடித்துக்கொண்டு இடது விரல்களை மடக்கிப் பாருங்கள், உள்ளே ஓடுவது தெரியும். அங்கிருந்து நீளமான நாண்கள் மணிக்கட்டைத் தாண்டி விரல் நுனிக்குப் போகின்றன. ஆழத்தில் இருக்கும் மடக்குத் தசை ஒன்று நாலு விரல் நுனியையும் மடக்குகிறது. இதில் ஆள்காட்டி விரலுக்குப் பெரும்பாலும் தனிப் பங்கு உண்டு. நடுவிரல், மோதிர விரல், சுண்டு விரல் மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே தசைதான். மூன்று மாட்டுக்கு ஒரே கயிறு மாதிரி.

நம்பிக்கை இல்லை என்றால் இப்போதே செய்து பாருங்கள். உள்ளங்கையை மேலே பார்க்க மேசையில் வைத்து, மோதிர விரலைத் தவிர மற்ற விரல்களை இன்னொரு கையால் நேராக அழுத்திப் பிடியுங்கள். இப்போது மோதிர விரலின் நுனிக் கணுவை மட்டும் மடக்குங்கள். மடங்காது. தொளதொளவென்று கிடக்கும். பக்கத்து விரல்களைக் கட்டிப்போட்டால் அந்தக் கயிறு யாருக்கும் நகராது.

விரல் நுனி வெட்டுப்பட்டு நாண் ஆறும்போது அது நுனியில் ஒட்டிக்கொண்டு இறுகிவிட்டால், அந்த விரலில் கயிறு சீக்கிரமே முட்டி நின்றுவிடும். மற்ற இரண்டு மாடும் அதற்கு மேல் போக முடியாது. ரோமானியர்களின் நாலு குதிரை ரதத்துக்கு 'குவாட்ரிகா' என்று பெயர். கை மருத்துவர்கள் இந்தப் பிரச்சினைக்கும் அதே பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். மேஸ்திரி நடிப்பு என்று சொன்னதற்கு ஒரு பெயர் இருக்கிறது!

அந்தத் தசை என் நோட்ஸில் இருந்தது. பத்தொன்பதாம் பக்கம். ஃப்ளெக்ஸர் டிஜிடோரம் ப்ரொஃபண்டஸ். எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, எந்த நரம்பு, என்ன வேலை. நாலு கட்டம், நாலு பதில், மஞ்சள் கலர். அந்தப் பிள்ளை அதை மனப்பாடமாகச் சொல்லுவாள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்திருக்கும் அப்பாவின் கையில் அதே தசை வேலை செய்ய முடியாமல் நிற்கிறது என்பது அவளுக்குத் தெரியவில்லை. எழுதிக் கொடுத்த எனக்கும் தெரியவில்லை.

*

நோட்ஸ் உடம்பை ஜெயிப்பது புதுசு இல்லை. மருத்துவ வரலாற்றிலேயே நீண்ட காலம் ஓடிய கதை அது.

இரண்டாம் நூற்றாண்டில் கேலன் எழுதினார். ரோமில் மனித உடலை அறுத்துப் பார்க்க வழியில்லை. குரங்கு, பன்றி, மாடு என்று அறுத்துப் பார்த்தார். பெரிய மூளைக்காரர், நிறைய சரியாகவே சொன்னார். ஆனால் அவருக்குப் பின் ஏறக்குறைய 1300 ஆண்டுகள் ஐரோப்பாவில் அவர் எழுதியதுதான் நோட்ஸ். உடற்கூறு வகுப்பில் பேராசிரியர் உயரமான ஆசனத்தில் உட்கார்ந்து புத்தகத்தைப் படிப்பார். கீழே நாவிதர் பிணத்தை அறுப்பார். மாணவர்கள் சுற்றி நிற்பார்கள். மேலே படிப்பதும் கீழே கிடப்பதும் ஒத்துப்போகாத இடங்களில் எல்லாரும் மேலே படிப்பதையே நம்பினார்கள். கீழ்த்தாடை இரண்டு எலும்பு என்று கேலன் எழுதியிருந்தார். மனிதனுக்கு ஒன்றுதான். கண்ணெதிரே கிடக்கிறது. யாரும் பார்க்கவில்லை.

1543ல் வெசேலியஸ் தன் பெரிய புத்தகத்தைக் கொண்டுவந்து கேலனின் தவறுகளை வரிசையாகக் காட்டினார். அதில் எனக்குப் பிடித்த இடம் அவர் தன்னைப் பற்றிச் சொல்லும் இடம். மனித மூளையின் அடியில் 'அற்புத வலை' என்று ஒரு ரத்தக்குழாய்ப் பின்னல் இருப்பதாகக் கேலன் சொல்லியிருந்தார். மனிதத் தலையில் அது இல்லை. ஆனால் வெசேலியஸும் ஒரு காலத்தில் வகுப்பில் மனிதத் தலையை அறுக்கும்போது பக்கத்தில் ஒரு ஆட்டுத் தலையோ மாட்டுத் தலையோ தயாராக வைத்துக்கொண்டாராம், வலையை அதில் காட்டிச் சமாளிக்க. அவரே ஒத்துக்கொள்கிறார். அவருடைய ஆசிரியர் சில்வியஸ் அதைவிட ஒரு படி மேலே போனார். கேலன் தப்பில்லை, கேலன் காலத்துக்கு அப்புறம் மனித உடம்புதான் மாறிப்போச்சு என்றார்.

சிரிக்காதீர்கள். "அது சிலபஸ்ல இல்லம்மா" என்று நான் சொன்னதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

*

மாதவரத்தில் ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை வரிசையில் நின்று பாருங்கள். அங்கே நிற்கும் எந்தப் பிள்ளைக்கும் ஈரல் எது, நுரையீரல் எது, குடல் எது, நல்லி எலும்பு எது என்று சொல்லித்தரத் தேவையில்லை. சுவரொட்டி என்றால் என்ன என்று கேளுங்கள், கையை நீட்டிக் காட்டும். பிள்ளை பெற்றவளுக்கும், வயசுக்கு வந்து வெளுத்துப்போய் நிற்கும் பெண்ணுக்கும் ஆயா சுவரொட்டி வதக்கிக் கொடுப்பாள். ரத்தம் ஊறுமாம்.

இப்போது என் நோட்ஸைத் திறங்கள். 'மண்ணீரல்: சிவப்பணுக்களின் இடுகாடு.' ஒரு வரி. பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். ஆட்டுச் சுவரொட்டிதான் ஆட்டின் மண்ணீரல் என்று அந்த வரியில் இல்லை. சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்ந்து முடிந்ததும் மண்ணீரலில் உடைக்கப்படுகிறது. அதிலிருக்கும் இரும்பு திரும்பப் புது அணுக்களுக்குப் போகிறது. அதனால்தான் அந்த உறுப்பில் இரும்பு நிறைய. ஆயா சொன்னதில் விஷயம் இருக்கிறது. இந்த நாலு வரியை நான் எழுதவில்லை, ஏன் என்றால் எந்த பிடிஎஃப்பிலும் இல்லை. தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. என் டியூஷனில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களுக்கு அந்தப் பாடம் யாரைப் பற்றியது?

இன்னொன்று. 2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் கடலடியில் போகும் அம்மோனியாக் குழாய் கசிந்தது. தூங்கிக்கொண்டிருந்த ஜனம் கண் எரிந்து, தொண்டை அடைத்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடியது. பலர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அந்தக் கூட்டத்தில் என் மாணவி ஒருத்தியின் சித்தி வீடும் உண்டு. சுவாச மண்டலம் என் நோட்ஸில் மூன்று பக்கம். வலது நுரையீரலில் மூன்று மடல், இடதில் இரண்டு என்று இருக்கிறது. அம்மோனியா ஏன் முதலில் கண்ணையும் மூக்கையும் தொண்டையையும் பிடிக்கிறது என்று இல்லை. அது தண்ணீரில் சட்டென்று கரையும், கரைந்தால் காரமாகும். உடம்பில் ஈரம் எங்கே வெளியே தெரிகிறதோ அங்கேதான் முதல் அடி. ஈரத்துணியை மூக்கில் வைத்தால் உதவுவதும் அதே காரணத்தால்தான். அனல்மின் நிலையச் சாம்பலின் நுண்துகள் கதை வேறு. அது கரையாமல் மூச்சோடு அடி ஆழக் காற்றறைகள் வரை போகக்கூடியது. அதனால்தான் சத்தமில்லாமல் கெடுக்கிறது.

எண்ணூரிலிருந்து கொஞ்ச தூரத்தில் உட்கார்ந்து சுவாச மண்டலத்துக்கு நோட்ஸ் எழுதிய நான், உலகத்தில் எந்த ஊருக்கும் பொருந்துகிற, அதனால் எந்த ஊருக்கும் உதவாத மூன்று பக்கத்தை எழுதினேன்.

*

இதற்கு வரும் பதில் எனக்குத் தெரியும். நண்பர்கள் நேரிலேயே சொன்னார்கள்.

"உனக்கென்னப்பா, ரொமான்டிக்கா பேசுற. அந்தப் பிள்ளைங்க வீட்ல தண்ணி பிடிக்கணும், தம்பியப் பாக்கணும். ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் புத்தகத்தத் தொடுதுங்க. அதுங்களுக்கு ரெடிமேட் நோட்ஸ் கொடுக்காம, அப்பா கையப் பாரு, ஆட்டு ஈரலப் பாருன்னா எப்ப படிக்கும்? நீட்ல பயாலஜி மட்டும் 360 மார்க். அண்ணா நகர் பையன் வாங்குற நோட்ஸ நம்ம பிள்ளைக்கும் கொடுக்கிறதுதான் சமத்துவம்."

இந்த வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நேரம் இல்லை என்பது உண்மை. மனப்பாடம் தேவை என்பதும் உண்மை. எலும்பு பெயர் தெரியாமல் எலும்பைப் பற்றி யோசிக்க முடியாது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020ல் வந்த பிறகு இந்தப் பக்கத்திலும் வெள்ளைக் கோட்டு ஆசை நிஜமாகியிருக்கிறது. அதற்குக் குறுக்கே நிற்க நான் யார்?

ஆனால் அந்த சமத்துவக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. வசதியான பையனிடம் இருப்பது நோட்ஸ் மட்டும் இல்லை. அவனுக்கு டாக்டர் மாமா இருக்கிறார். சாப்பாட்டு மேசையில், "இந்த நரம்புதான்டா, முட்டியில இடிச்சா ஷாக் அடிக்குமே" என்று சொல்ல ஒரு ஆள் இருக்கிறார். அவனுக்கு நோட்ஸ் என்பது கடைசியில் ஒருமுறை புரட்டிப் பார்க்கும் சுருக்கம். நம் பிள்ளைக்கு அதுவே முதலும் கடைசியும். ஒரே தாளை இரண்டு பேருக்கும் கொடுத்துவிட்டு சமமாக்கிவிட்டோம் என்கிறோம். டாக்டர் மாமா இல்லாத பிள்ளையின் நோட்ஸில் அந்த மாமா பேசுகிற பேச்சும் இருக்க வேண்டும். அது பக்கத்தைக் கூட்டும், கலர் கட்டத்துக்குள் அடங்காது, டெலிகிராமில் ஓடாது. பரவாயில்லை.

நேரத்தைப் பற்றியும் ஒன்று. நாலு வாரத்தில் அந்த நோட்ஸ் மூலம் அதிகம் கற்றுக்கொண்டது யார் என்று யோசித்தேன். நான்தான். எதை எடுப்பது, எதை விடுவது, எதை எதன் பக்கத்தில் வைப்பது என்று மண்டையை உடைத்துக்கொண்டவன் நான். கற்றல் நடந்த இடம் அது. அந்த வேலையை நான் செய்து முடித்துவிட்டு, அதன் சக்கையை எடுத்துப் பிள்ளைகளிடம் கொடுத்து, தொண்டு செய்ததாக நினைத்துக்கொண்டேன்.

அமெரிக்காவில் சயின்ஸ் ஒலிம்பியாட் என்று பள்ளிப் பிள்ளைகளுக்கான போட்டி 1984லிருந்து நடக்கிறது. அங்கே போன தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளும் கலந்துகொள்கிறார்கள். அதில் உடற்கூறியல், உடலியங்கியல் ஒரு தனிப் பிரிவு. பல வருஷமாக அங்கே ஒரு விதி: இரண்டு பேர் அணி, தாங்களே தயாரித்த ஒரே ஒரு தாளை உள்ளே கொண்டுபோகலாம், இரண்டு பக்கமும் எழுதி. கேள்வியில் மனப்பாடத்துக்கு மதிப்புக் குறைந்துவிடும், தாள்தான் இருக்கிறதே. அந்த ஒரு தாளில் மொத்த நரம்பு மண்டலத்தையும் நுணுக்கி எழுதி முடிப்பதற்குள் பிள்ளைக்குப் பாதி தாள் தேவைப்படாது. அங்கேயும் தாளை விற்கிறவர்கள் இருப்பார்கள். ஆனால் விதியில் ஒரு புத்தி இருக்கிறது: நோட்ஸ் எழுதுவதே படிப்பு.

*

மொழியைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் பாதிதான் சொன்னதாக ஆகும். "இதெல்லாம் தமிழ்ல சொல்ல வராது" என்பார்கள். யாழ்ப்பாணத்துக்கு 1847ல் வந்து மானிப்பாயில் பணிபுரிந்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மிஷன் மருத்துவர், கட்டர் எழுதிய உடற்கூறு, உடலியங்கியல் பாடநூலைத் தமிழாக்கி 1857ல் வெளியிட்டார். அனாடமிக்கு அங்காதிபாதம், ஃபிசியாலஜிக்கு சுகரணவாதம். பிற்பாடு மருத்துவப் படிப்பையே தமிழில் நடத்தினார். அந்தச் சொற்கள் இன்று நமக்கு வேற்றுமொழி மாதிரி கேட்கின்றன. வகுப்பு நின்றது, சொல்லும் நின்றது. அங்காதிபாதத்தைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை நான். ப்ரொஃபண்டஸ் என்ற லத்தீன் பெயரும் போட்டிக்கு வேண்டும், நாண் என்ற சொல்லும் வேண்டும், 'கயிறு' என்று நைனாவிடம் விளக்கத் தெரியவும் வேண்டும். மூன்றும் ஒரே பக்கத்தில் எழுதப்படாத நோட்ஸ், படிக்கிறவளை அவள் வீட்டிலிருந்து பிரித்துத்தான் வைக்கும்.

ராயபுரத்தில் ஸ்டான்லி ஆஸ்பத்திரியை நம் பாட்டிமார் இன்னும் கஞ்சித்தொட்டி என்றுதான் சொல்கிறார்கள். 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தில் தொடங்கிய கதை அது. அதே ஸ்டான்லியில்தான் 1970களிலிருந்து கைக்கென்றே ஒரு சிகிச்சைப் பிரிவு வளர்ந்து, நாடெங்கும் பெயர் எடுத்தது. பிரஸ்ஸும் லேத்தும் கிரேனும் ஓடுகிற இந்தப் பக்கத்தில் அப்படி ஒன்று முளைத்ததில் ஆச்சரியம் என்ன? நம் ஊர் உடற்கூறியல் பாடம் அந்த வராண்டாவில் வரிசையில் உட்கார்ந்திருக்கிறது, கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு தூக்கிப் பிடித்துக்கொண்டு.

*

போட்டி என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். மூன்றாம் இடம். ஒரு கேடயமும் ஆளுக்கு ஒரு டிஃபன் பாக்ஸும். கை பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை.

அந்த அப்பாவிடம் நான் மருத்துவம் எதுவும் சொல்லவில்லை, நான் டாக்டர் இல்லை. கை டாக்டரிடம் காட்டுங்கள் என்றேன். மகள்தான் கூடப் போனாள். டாக்டர் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, இது நடிப்பும் இல்லை பயமும் இல்லை, நாண் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றாராம். ஆபரேஷன் செய்யலாமா என்று பார்க்கிறார்கள். இன்னும் முடிவாகவில்லை. அவர் இப்போதும் பெருக்கிக்கொண்டுதான் இருக்கிறார். ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும், மனைவியிடமும் மச்சானிடமும் தன் கையை நீட்டி, மூன்று மாடு ஒரு கயிறு கதையை அவரே சொல்லிக் காட்டினாராம்.

இந்த வருஷம் நான் நோட்ஸ் தயாரிக்கவில்லை. ஆளுக்கு ஒரு எண்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்தேன். வலது பக்கம் புத்தகத்தில் இருப்பது, அவர்களே சுருக்கி எழுதியது. இடது பக்கம் தங்கள் உடம்பிலோ, வீட்டிலோ, தெருவிலோ, கறிக்கடையிலோ பார்த்தது. இடது பக்கம் காலியாக இருந்தால் வலது பக்கம் படித்ததாகக் கணக்கில்லை. அவ்வளவுதான் விதி. மெதுவாகத்தான் போகிறது. ஆறு வாரத்தில் இரண்டு மண்டலம்தான் முடிந்திருக்கிறது. "இப்டியே போனா போட்டிக்குள்ள முடியாதுண்ணா" என்கிறார்கள். முடியாமலும் போகலாம்.

உங்களிடமும் அப்படி ஒரு பிடிஎஃப் இருக்கும். அக்காவோ அண்ணனோ டியூஷன் மாஸ்டரோ ஆசையாகத் தயாரித்தது, அடுத்த பிள்ளைக்கு அனுப்பலாம் என்று நீங்கள் வைத்திருப்பது. அனுப்புவதற்கு முன்னால் அந்தப் பிள்ளையின் வீட்டில் யாருக்கு என்ன வலி என்று ஒரு தடவை கேளுங்கள். கேட்டுவிட்டு, அந்த வலி உங்கள் பிடிஎஃப்பில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று இரண்டு பேருமாக உட்கார்ந்து தேடுங்கள்.